கம்பஸ் டிவி நகைச்சுவைத் தொடர்: ஹொஸ்டலில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை

அலஸ்தோட்டம்_போர்டிங்

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலையில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கம்பஸில் மாணவர்களே நடத்துகிற ஒரு டிவி சேனல் இருக்கிறது. சேனல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்ன அறை, ஒரு கமரா, இரண்டு கணினி, கன்டீனில் ஒன்றும் நூலக வாசலில் ஒன்றுமாக இரண்டு திரை, அப்புறம் ஒரு யூடியூப் பக்கம், அவ்வளவுதான். இவ்வளவு நாளும் விளையாட்டுப் போட்டி, வாணி விழா, இப்தார், பட்டமளிப்பு என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்ப்பதில்லை, கன்டீனில் அதை மாற்றிக் கிரிக்கெட் போடச் சொல்வார்கள். இந்த வருடம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுப்போம் என்று இறங்கினோம்.

கதை இதுதான். அலஸ்தோட்டத்தில் ஒரு போர்டிங். ஒரே அறையில் நான்கு பேர்: ஒருவன் யாழ்ப்பாணம், ஒருவன் மூதூர், ஒருவன் ஹட்டன், மற்றவன் பக்கத்துச் சாம்பல்தீவு, ஆனால் வீட்டிலிருந்து படிக்க முடியவில்லை என்று சொல்லி வந்து ஒட்டிக்கொண்டவன். கந்தளாயிலிருந்து ஒரு சிங்கள நண்பன் அடிக்கடி வந்து போவான். வீட்டுக்கார அன்ரி. ஒரே ஒரு காஸ் அடுப்பு. முதல் எபிசோட்டில் மத்தியானச் சோற்றுப் பார்சலில் இருந்த முட்டையைக் காணவில்லை, யார் எடுத்தது என்று விசாரணை. இரண்டாவதில், 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதால் ஒருவனுக்காக மற்ற மூன்று பேரும் மாறி மாறிக் கையெழுத்து வைத்து மாட்டுகிறார்கள். இரண்டும் 22 நிமிடம், டிவியில் அரை மணித்தியால நிகழ்ச்சி அவ்வளவுதானே வரும் என்று அந்தக் கணக்கில் எடுத்தோம். எழுதியது நான். ஊர் வடமராட்சி.

ஹொஸ்டலில் போட்டபோது கதிரையைத் தட்டிச் சிரித்தார்கள். யூடியூப்பில் போட்டால் பெரும்பாலானவர்கள் மூன்றாவது நிமிடத்தில் எழும்பிப் போகிறார்கள். அம்மாவுக்கு அனுப்பினேன். முழுவதையும் பார்த்துவிட்டு, "ஏனப்பு எல்லாரும் கத்துறியள்?" என்று மட்டும் கேட்டார்.

இதைவிட மனதைக் குடைகிற விஷயம் வேறொன்று. மூதூர்ப் பாத்திரத்தில் நடித்தவன் உண்மையிலேயே மூதூர்க்காரன், என் நல்ல நண்பன். இரண்டாவது எபிசோட் போட்ட மறுநாள் "மச்சான், மூன்றாவதுக்கு வேற ஆளைப் பார்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டால் அசைன்மென்ட் கூட என்கிறான். அவனுக்கு எழுதியதில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்ப் பேச்சு வரட்டும் என்று வசனத்துக்கு வசனம் "மனே" வைத்தேன், வாப்பாவுக்குப் பயந்தவனாகக் காட்டினேன், எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே கதைப்பான். ஹொஸ்டலில் அவனுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

மூன்றாவதுக்கு எழுதி வைத்திருப்பது முதலாம் வருடத்தார் வருகிற அன்றைக்கு நடக்கும் ராகிங் கலாட்டா. அதை எடுப்பதா? பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்தால் வெளியில் இருப்பவர்களும் சிரிப்பார்களா? இன்னொன்று, சத்தம் மிக மோசம். உப்புவெளிக் கடற்கரையில் எடுத்ததில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கோட்டை வாசலில் எடுத்த காட்சியில் மான் ஒன்று வந்து ஸ்கிரிப்டின் இரண்டாம் பக்கத்தைத் தின்றுவிட்டது, அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலைச்சுருள்

லிங்க் போடவும்.

கடலைச்சுருள்

சரி, சேனல் பக்கத்திலேயே கண்டுபிடித்தேன். மன்னிக்க வேண்டும் தம்பி, நானும் மூன்றாவது நிமிடத்தில் எழும்பிவிட்டேன். "லெவல் ஃபைவ் ஆள்" என்றால் என்ன? அதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை.

அலஸ்தோட்டம்_போர்டிங்

அது எங்கள் பீடத்தில் ஒரு லேப் உதவியாளருக்கு வைத்த பட்டப்பெயர் அண்ணா. சரி, விளங்குகிறது, நீங்கள் கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது.

வெட்டி_ஒட்டி

நான் டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், நகைச்சுவையெல்லாம் என் துறை இல்லை, ஆனால் மக்கள் எந்த இடத்தில் வீடியோவை ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தாலி கட்டுவதைத் தவிர எல்லாவற்றையும்.

முதலில் அந்த மானை ஏன் வெட்டினீர்கள்? நான்கு பேர் முட்டையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் ஒரு மான் வந்து கடதாசியைத் தின்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு காட்சி கிடைக்காது. திருகோணமலையைத் தவிர வேறெங்கே டவுனுக்குள் மான் திரியும்? பழைய பதிவு இருந்தால் இன்றைக்கே திரும்ப வைக்கவும். (கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே எடுப்பதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். ட்ரோன் பக்கமே போக வேண்டாம், இது துறைமுகமும் கடற்படையும் உள்ள ஊர்.)

22 நிமிடக் கணக்கு தொலைக்காட்சிக்காரர்களுடையது. அரை மணித்தியாலத்தில் விளம்பரத்துக்கு எட்டு நிமிடம் ஒதுக்கினால் மிஞ்சுவதுதான் அந்த 22. உங்களுக்கு யார் விளம்பரம் தருகிறார்கள்? முட்டைக் கதைக்கு எட்டு நிமிடம் போதும். ஒவ்வொரு காட்சியும் எப்படித் தொடங்குகிறது பாருங்கள்: கதவைத் திறக்கிறான், செருப்பைக் கழற்றுகிறான், "என்ன மச்சான்", "ஒன்றுமில்லை மச்சான்". அதெல்லாம் போகட்டும். அவன் உள்ளே வந்து பார்சலைப் பிரித்தாகிவிட்டது, முட்டை இல்லை, அங்கேயிருந்து தொடங்குங்கள்.

சத்தம். இதுதான் உண்மையான நோய், அம்மா கேட்ட கேள்வி சரி. கமராவில் உள்ள மைக் தூரத்தில் இருக்கிறது, அதற்குக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கத்துகிறீர்கள், கத்துகிறவனைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வராது. மைக் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சட்டைக் கொலரில் குத்துகிற சின்ன மைக் வாங்கக் காசில்லாவிட்டால் ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு போனை வைத்து ரெக்கோர்டில் போடுங்கள், தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருதடவை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து எல்லா ஒலியையும் படத்தோடு பொருத்தலாம். அறைக்குள் எடுக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், வேர்த்த முகம் நகைச்சுவைக்கு நல்லது. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள், வெட்டிய இடங்களை அதை வைத்துத்தான் மூட வேண்டும்.

கடற்கரைக் காற்றுக்கு மைக்கில் வருகிற அந்தக் கறுப்புப் பஞ்சு போதாது. மயிர் மாதிரி நீளமாக இருக்கிற துணி வேண்டும், பழைய கரடிப் பொம்மை ஒன்றின் தோலை உரித்துத் தைத்தால் போதும். நான் செய்திருக்கிறேன், தங்கச்சி மகள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு வெளியில் வசனக் காட்சி எடுக்கவே வேண்டாம். விடியப் போங்கள்.

முதல் எபிசோட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கிறது, கவனித்தீர்களா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் தானாகவே விநாடிக்கு 30 சட்டத்துக்கு (ஃப்ரேம்) போய், ஷட்டரையும் தன் இஷ்டத்துக்கு மாற்றும். ப்ரோ மோடில் 25 சட்டம், ஷட்டர் விநாடியில் 50 இல் ஒன்று என்று பூட்டி வையுங்கள், துடிப்பு நின்றுவிடும்.

சிரிப்புச் சத்தத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் 1950களில் சார்லி டக்ளஸ் என்று ஒரு ஒலிப் பொறியியலாளர், பதிவுசெய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அமத்தினால் சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு என்று வருகிற மாதிரி ஒரு இயந்திரம் செய்து வைத்திருந்தார். அவர் அதை மூடிப் பூட்டி வைத்து ஒருவருக்கும் காட்டமாட்டார். அந்த நாட்டுக்காரர் தியேட்டரில் கூட்டத்தோடு இருந்து சிரித்துப் பழகியவர்கள், வீட்டில் தனியே இருந்து பார்க்கும்போது துணைக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது. நம் ஆட்கள் இரண்டு பேர் ஒரே போனைப் பார்த்தால் மூன்றாவது ஆள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். துணைக்கு ஆள் தேவையில்லை. போட்டால் சிரிப்பு வராத இடம்தான் எடுப்பாகத் தெரியும்.

ஹட்டன்_இறக்கம்

ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஹட்டன்காரன் திருகோணமலை வெயிலில் ஏன் ஸ்வெட்டரோடு திரிகிறான்? ஏன் ஒவ்வொரு காட்சியிலும் தேயிலையைப் பற்றியே கதைக்கிறான்? என் வீட்டில் இரண்டு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள் இருக்கிறார்கள், இராச் சாப்பாட்டில் ஒருநாளும் தேயிலை பற்றிக் கதைத்ததில்லை. கரண்ட் பில்லைப் பற்றித்தான் சண்டை.

பழைய_வானொலிப்பெட்டி

தம்பிமார், இந்த ஊர்ப் பேச்சு விஷயத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல விடுங்கள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், நேரம் நிறைய இருக்கிறது.

1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு நாடகம் போகும். எஸ். ராம்தாஸ் எழுதியது. பிறகு 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதன் உயிரே நான்கு விதத் தமிழ்தான். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம்களின் தமிழ், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் கதைக்கிற தமிழ், பி. எச். அப்துல் ஹமீத் ஐயர் தமிழ். அந்தப் பெயர்கள் அவர்களோடு ஒட்டியே போய்விட்டன, மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். கவனித்தீர்களா, மரிக்காராக நடித்தவர் முஸ்லிம் இல்லை. ஐயராக நடித்தவர் முஸ்லிம். அடுத்தவன் பேச்சை எடுத்துக் கதைப்பது குற்றமென்றால் நம் நாட்டு வானொலி நகைச்சுவையில் பாதியைத் தூக்கி எறிய வேண்டும்.

ஆகவே தம்பி, பேச்சு வழக்கை வைத்துப் பகிடி பண்ணப் பயப்பட வேண்டாம். ஆனால் அவர்களுக்குக் காது இருந்தது. நீங்கள் ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து உப்பு மாதிரித் தூவியிருக்கிறீர்கள். ஊர்ப் பேச்சு ஒரு சொல்லில் இல்லை, இழுவையில் இருக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் ஒரு பஸ் கொண்டக்டராக நின்றார். ஒரே ஆள், மேடையில் பஸ்ஸே கிடையாது. சனம் நெரிபடுவது நமக்குக் கண்ணில் தெரிந்தது. அந்த ஆளுக்கு ஒரு வேலை இருந்தது, சனத்தை ஏற்ற வேண்டும், காசை வாங்க வேண்டும். பேச்சு அந்த அவசரத்தில் தானாக வந்தது. உங்கள் மூதூர்ப் பெடியனுக்கு அந்த அறையில் என்ன வேலை? எனக்குத் தெரிந்தவரை "மனே" சொல்வதுதான்.

ஒரு யோசனை தருகிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இவன், அவன் என்பதற்கு நடுவில் உவன் என்று ஒன்று இருக்கிறது. மலையகத்தில் அது புழக்கத்தில் இல்லை. முட்டையைக் காணவில்லை. கண்ணால் கண்ட ஒரே சாட்சி யாழ்ப்பாணத்தான். அவன் அடித்துச் சொல்கிறான், "உவன்தான் எடுத்தவன்." ஹட்டன்காரன் திரும்பிப் பார்க்கிறான். எவன்? இவனா அவனா? "இல்லையடா, உவன்." சாட்சி சொல்கிறவனுக்குத் தான் மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு, விளங்காத மற்ற மூன்று பேரும் மடையர்கள் என்று எரிச்சல் ஏறுகிறது. அந்த எரிச்சலுக்குத்தான் சிரிப்பு வரும், அவனுடைய யாழ்ப்பாணத்துக்கு இல்லை.

அதேபோல் சமையல் முறை வைக்கிற காட்சி. ஒருவன் பேந்து என்பான், மட்டக்களப்பிலிருந்து ஒருவன் வந்தால் மறுகா என்பான், ஹட்டன் அப்புறம் என்பான், கந்தளாய் நண்பன் ஈட்ட பஸ்ஸே என்பான். எல்லாம் ஒன்றுதான், "பிறகு". நான்கு பேரும் நான்கு சொல்லில் சட்டி கழுவுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். (நீங்கள் மேலே எழுதிய கேள்வியில் "அப்புறம்" என்று எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் பேந்து என்றுதானே சொல்வீர்கள்?)

மூதூர்_படகுத்துறை

நான் மூதூர். நானும் இங்கேதான் படித்து முடித்தேன், இப்போது வேலை.

வானொலிப்பெட்டி சேர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வேறு இடத்தில் கைவைக்க வேண்டும். உங்கள் இரண்டு எபிசோட்டையும் முழுவதாகப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தானுக்கு அம்மா போன் எடுக்கிறார், அவனுக்கு ஒரு பிள்ளையில் விருப்பம் இருக்கிறது, காசுக் கஷ்டம் இருக்கிறது, பொய் சொல்கிறான், பிறகு வெட்கப்படுகிறான். சாம்பல்தீவுக்காரன் வீட்டுக்கும் போர்டிங்குக்கும் நடுவில் அல்லாடுகிறான். எங்கட ஆளுக்கு என்ன இருக்கிறது? வசனத்துக்கு வசனம் மனே, வாப்பா, பிரியாணி. நாங்கள் மனே என்று சொல்வோம்தான், யார் இல்லை என்றது. எதைக் கேட்டாலும் கடைசியில் மனே வைத்து முடிக்கிற ஒருவரை நான் மூதூரில் இதுவரை சந்தித்ததில்லை, இருந்தால் கூட்டி வாருங்கள்.

அவர் கோபப்படாமல் அசைன்மென்ட் என்று சொன்னார் பாருங்கள், அதை நன்றாக யோசியுங்கள். கோபப்பட்டால் "பகிடியைத் தாங்கத் தெரியாதவன்" என்ற பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும். ஹொஸ்டலில் அவருக்குத்தான் அதிகம் சிரித்தார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கன்டீனில் அடுத்த நாள் எத்தனை பேர் அவரைப் பார்த்து "என்ன மனே" என்று கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

வேறு ஆள் போட வேண்டாம். மூன்றாவது எபிசோட்டை அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் பகுதியை மட்டும் அல்ல, முழுவதையும், உங்கள் யாழ்ப்பாணத்தானையும் சேர்த்து.

ராகிங் எபிசோட்டை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தமிழில் அதற்குப் பகிடிவதை என்று பெயர், பகிடி என்ற சொல்லையே அதற்குள் இழுத்துக் கெடுத்து வைத்திருக்கிறோம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம், இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாரிய காயமோ பாலியல் துன்புறுத்தலோ என்றால் பத்து வருடம் வரை. சட்டத்தை விடுங்கள். முதலாம் வருடத்தில் நான் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை, கன்டீன் பக்கம் போகப் பயம். உங்கள் திரை தொங்குவது அதே கன்டீனில். அந்தப் பிள்ளைகள் சோற்றை வாயில் வைக்கும்போது மேலே அது பகிடியாக ஓடும்.

சும்மா_இரு_மச்சான்

இந்தக் காலத்தில் எதைச் சொன்னாலும் ஒருவருக்கு மனம் நோகும். ராகிங் எல்லாக் கம்பஸிலும் நடக்கிறதுதானே, நடக்கிறதைக் காட்டினால் என்ன? நாங்களும் வாங்கினோம், இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பகிடியைப் பகிடியாக எடுங்கள்.

மூதூர்_படகுத்துறை

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வரவில்லை. காட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டுவதென்றால் ராக் பண்ணுகிற சீனியரைக் கோமாளியாக்குங்கள். போன வருடம் பயத்தில் அழுதவன், இந்த வருடம் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான், அம்மா போன் எடுத்ததும் குரல் மாறுகிறது. அதை எழுத உங்கள் குழுவில் யாருக்காவது துணிவிருந்தால் எடுக்கட்டும்.

வெட்டி_ஒட்டி

இது நல்ல காட்சி. போன் மணிக்கு சினிமாப் பாட்டு வைக்க வேண்டாம். இரண்டாவது எபிசோட்டில் ஒரு இடத்தில் சத்தமே இல்லை, யூடியூப் பாட்டைப் பிடித்துவிட்டதா?

அலஸ்தோட்டம்_போர்டிங்

ஓம் அண்ணா, பிடித்துவிட்டது. ஒன்றரை நிமிடம் ஊமைப்படம். ஹொஸ்டலில் போட்டபோது பாட்டு இருந்தது.

பழைய_வானொலிப்பெட்டி

மனம் தளர வேண்டாம். ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1964 இலும் இங்கிலாந்தில் யோர்க் மாணவர்கள் 1967 இலும் இப்படித்தான் தங்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி தொடங்கினார்கள். நம் நாட்டில் தொலைக்காட்சி என்ற ஒன்றே 1979 இல்தான் வந்தது, அதுவும் முதலில் கொழும்பைச் சுற்றி. நான் ஆசிரியராக வந்த புதிதில் பள்ளிக்கூட நாடகத்துக்கு மைக் ஒன்று வாடகைக்கு எடுக்கத் தெருத்தெருவாகத் திரிந்தேன். உங்கள் சட்டைப் பையில் நான்கு கிடக்கிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்ததை ஹொஸ்டலில் முதலில் போட வேண்டாம். கம்பஸ் வாசலையே மிதிக்காத யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், திரையைப் பார்க்க வேண்டாம்.

அலஸ்தோட்டம்_போர்டிங்

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூதூர் அக்கா எழுதியதை அவனுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "ஒன்பது பேர்" என்றான். கன்டீனில் அப்படிக் கூப்பிட்டவர்கள். எண்ணி வைத்திருக்கிறான். நான் அதில் ஒருவனா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, கதிரையைப் போடு" என்று மடிக்கணினியைத் திறந்தான்.

முட்டை எபிசோட்டை எட்டரை நிமிடமாக வெட்டினோம். லெவல் ஃபைவ் போய்விட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி அந்தக் காட்சிகளைத் திரும்ப எடுத்தோம், ஹட்டன்காரன் இப்போது கரண்ட் பில்லுக்குச் சண்டை பிடிக்கிறான், அதற்கான வசனத்தை அவனே சொன்னான், நாங்கள் எழுதவில்லை. "உவன்தான்" காட்சி சேர்ந்துவிட்டது. மான் இருக்கிறது. அதன் சத்தம் இல்லை என்பதால் பக்கத்தில் கடதாசியைக் கசக்கிப் பதிந்தோம், மூன்று பேர் மாறி மாறிக் கசக்கி ஒருவனைத் தெரிவு செய்தோம்.

போர்டிங் அன்ரிக்குத்தான் முதலில் போட்டோம், உண்மையான அன்ரிக்கு. கம்பஸ் வாசலை மிதிக்காதவர். முதல் இரண்டு நிமிடம் ஒரு சலனமும் இல்லை, என் அடிவயிறு கலங்கிவிட்டது. பிறகு சாம்பல்தீவுக்காரன் காஸ் சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று தலையாட்டுகிற இடம் வருகிறது. அது ஸ்கிரிப்டிலேயே இல்லை, அவன் வீட்டில் செய்கிறதை அப்படியே செய்துவிட்டான். அன்ரிக்கு அதில் பிடித்த சிரிப்பு, "உவன்" காட்சி வரும்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கும்படி ஆகிவிட்டது. கடைசியில், "முட்டையை எடுத்தது யாரெண்டு சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதை எழுத மறந்துவிட்டோம், இரண்டு மாதமாக ஒருவருக்கும் தெரியவில்லை.

ராகிங் ஸ்கிரிப்டை எடுக்கவில்லை. அக்கா சொன்ன சீனியர் காட்சியை எடுப்பதா என்று எங்களுக்குள் இன்னும் இழுபறி, அந்தக் குரலை நானே ஒரு காலத்தில் போட்டவன் என்பதால் நான் வாய் திறக்காமல் இருக்கிறேன்.

மூன்றாவது எபிசோட் மூதூர் நண்பன் எழுதியது, நேற்று இரவு தந்தான். நான்கு பக்கம். அவனுடைய பாத்திரத்துக்கு மூதூர்ப் படகை ஒருநாளும் நேரத்துக்குப் பிடிக்க முடியாது, ஆனால் பிடித்துவிட்டதாக வாப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவான், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று இங்கே மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தான் பகுதியை வாசிக்கும்போதுதான் ஒரு மாதிரி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், நான்கு பக்கத்தில் 14 "உவன்". நான் அப்படியா கதைக்கிறேன் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப் பையில் போனை ரெக்கோர்டில் போட்டு வைத்துவிட்டு அரை மணித்தியாலம் என்னோடு சும்மா கதைத்துக்கொண்டிருந்தான்.

17.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு எடுக்கிறோம், காற்று எழும்ப முதல். வெட்டி_ஒட்டி அண்ணா, உங்களிடம் அந்தக் கரடித் தோல் இன்னும் இருக்கிறதா?

வெட்டி_ஒட்டி

இருக்கிறது. தங்கச்சி மகளுக்குத் தெரியாமல் வந்து எடுங்கள்.